கோடி அற்புதர் அறுத்த கயிறு

யக்கா, இந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்களேன். நான் கம்பியப் புடிச்சிட்டு நின்னுக்கிடுதேன். கீழ வைக்கக் கூடாத சாமான், அதான். நசுங்கிராமப் பாத்துக்கிடுங்க, மேலாப்புல மெழுகுதிரி இருக்கு. கிறிஸ்மசுக்கு முந்துன நாலாவது வாரத்துக்கு ஏத்த உள்ளது. கோயில்ல வச்சிருந்தது வளைஞ்சு போச்சு. நான் வாங்கித் தாரேன் சாமின்னு பங்குச் சாமியாருகிட்ட நானே ஏத்துக்கிட்டேன். எதுலயும் நான் முந்திக்கிடுவேன், அது என் பழக்கம்.

ஓ, நகந்து எடம் குடுத்துட்டியளா. நல்லாருப்பிய. காலையில இருந்து அலைச்சல், காலு கடுக்குது. நீங்களும் வேதக்காரவதானே? கழுத்துல மாதா உத்தரியம் தெரியுது. கருவாட்டுச் சட்டியும் இருக்கு. அப்பம் கடக்கரை. தெக்கயா? சரிதான், பாத்ததுமே நெனச்சேன். நானும் கடக்கரைக்கு வாக்கப்பட்டவதான், ஆனா பொறந்தது டவுனு. எங்கப்பா பேக்கரியில மக்ரூன் போடுறவரு. கல்யாணம் ஆகி இத்தன வருசம் ஆயும் எங்க ஊருல என்னய டவுன்காரின்னுதான் சொல்லுவாவ. மீனு அரியத் தெரியாதவ, வலை எது மால் எதுன்னு தெரியாதவன்னு ஒரே கேலி. இருக்கட்டும். இன்னைக்கு அந்த டவுன்காரி வீட்டுப் பூசைக்குத்தான் ஊரே வருது.

முன்னால டிரைவருக்குப் பின்னாடி, நீலச் சட்டை, தலையக் குனிஞ்சிட்டு இருக்காவ பாருங்க, அதான் எங்க வீட்டு ஆளு. கஸ்பார்னு பேரு. ஏறுன ஒடனே இந்தப் பக்கம் ஜன்னலோரம் ஒரு எடம் கெடந்துச்சு, இங்கன வந்து இருங்கன்னு சொன்னேன். வரமாட்டேன்னுட்டாவ. இது கடல் பக்கமாம். புயலுக்குப் பொறவு அவிய கடலப் பாக்க மாட்டாவ யக்கா. வீட்டுல இருந்தாலும் கடலுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவாவ. போகப் போகச் சரியாயிரும்.

இன்னைக்கு சாயங்காலம் எங்க கோயில்ல நன்றிப் பூசை. எங்க குடும்பத்துப் பேருல. அவிய உசிரோட திரும்பி வந்ததுக்கு. பூசையில அவிய எந்திரிச்சு நின்னு தன் வாயால நன்றி சொல்லணும்னு நான் நேந்திருக்கேன். அவிய எங்க அக்கா வீட்டுல வந்து ஒளிஞ்சுக்கிட்டாவ. நான் போயி, கையப் புடிச்சு இழுக்காத கொறையா, இப்பம் கூட்டிட்டு வாரேன். பஸ் ஏறுத வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. பேசுவாவ. பீடத்துக்கு முன்னால போயி நின்னா வாய் தானா தொறக்கும்.

எந்தப் புயலுன்னு கேக்கியளா? இந்த வருசம் அடிச்சதுதான், வேற எது. நவம்பர் கடைசி, ஆத்துமாக்கள் மாசம் முடியுற நேரம், கோயில்ல இன்னும் திருவருகைக்கால ஊதாத் துணி கூட மாத்தல. கடலுக்குப் போக வேண்டாம்னு கட்டியம் சொல்லிட்டுப் போனாவ. வேலைக்கு வாறவன் எவனும் வரல. இவியளும் இவிய தம்பி இன்னாசியும் மட்டும், போட்ட வலைய எடுத்துட்டு உடனே வந்துருதோம்னு, ஆளுக்கொரு சின்ன வள்ளத்துல போனாவ. இன்னாசி நல்ல பய. என்னய மைனின்னு கூப்புட்டாலே ஒரு சிரிப்பு இருக்கும். ஊரே டவுன்காரின்னு சொல்லும்போது அவன் ஒருத்தன்தான் எனக்கு மீன் அரியச் சொல்லிக் குடுத்தான், கேலி பண்ணாம. அவன் பொண்டாட்டி சலேத்து. ஒரு பொம்பளப்பிள்ளை, இப்பத்தான் நடக்குது. அவுக வீடும் எங்க வீடும் ஒட்டுவீடு, நடுச்சுவரு ஒண்ணுதான்.

அங்க போயி இன்னாசி வள்ளத்துல இஞ்சின் நின்னு போச்சு. காத்தும் புடிச்சிட்டு. இவிய தன் வள்ளத்துக்குப் பின்னால ஒரு கயித்தக் கட்டி, தம்பி வள்ளத்தச் சேத்து இழுத்துட்டு வந்திருக்காவ. இது வரைக்கும் இவியளே சொன்னது. அதுக்கு மேல இவிய வாயில இருந்து வந்தது ஒரே ஒரு சொல்லுதான்.

விடியக்காலம் வந்து சேந்தாவ யக்கா. வடக்க எங்கயோ கரையேறி, அங்க இருந்து நடந்தே வந்திருக்காவ. வாசல்ல நிக்கிறது ஆளா ஆத்துமாவான்னு எனக்குத் தெரியல. ஒடம்பெல்லாம் வெளுத்து, உதடு வெடிச்சு. நான் கால் ரெண்டையும் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவியதான் எனக்குப் புருசனும் பிள்ளையும். அந்த ராத்திரி முழுக்க நான் என்ன பாடு பட்டிருப்பேன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, நீங்களும் ஒரு மீன்புடிக்கிறவருக்குப் பொண்டாட்டிதானே. கால் ஐஸா இருந்துச்சு. என் சேலையால சுத்திச் சுத்தித் தேச்சேன்.

தம்பி எங்கன்னு கேட்டேன். அவிய பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. "கயித்த அறுத்து… அறுத்து…" அம்புட்டுதான் வருது. யாரு அறுத்தா, யாரு அறுத்தான்னு நான் தோளப் புடிச்சு உலுக்குதேன். அவிய வாய் பேசல. மெல்ல தலையத் தூக்கி சுவத்தப் பாத்தாவ. சுவத்துல என்ன இருக்கு? எங்கம்மா சீதனமாக் குடுத்த அந்தோணியார் படம். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிட்டு யக்கா. கோடி அற்புதர் வந்திருக்காரு. ரெண்டு வள்ளமும் சேந்து முங்கிரப் போகுதுன்னு தெரிஞ்சு, கைய நீட்டிக் கயித்த அறுத்துவிட்டு எம் புருசனக் கரையில சேத்திருக்காரு. நான் அங்கனயே முழங்கால்ல விழுந்துட்டேன். அவியளும் விழுந்தாவ. தரையில நெத்திய வச்சு அப்பிடியொரு அழுகை. என் ஆயுசுல ஒரு ஆம்பள அப்பிடி அழுது நான் பாத்ததில்ல.

ஊரு கூடி வந்து கயிறு அறுந்து போச்சாக்கும்னு கேட்டாவ. அவிய போர்வைக்குள்ள மொகத்த மூடிக்கிட்டாவ. நான்தான் சொன்னேன். அறுந்து போகல, அறுத்துவிட்டாரு, அந்தோணியாரு வந்து அறுத்துவிட்டாருன்னேன். எல்லாரும் என்னய ஒரு மாதிரியாப் பாத்தாவ. டவுன்காரிக்கு இப்பிடி ஒரு அற்புதமான்னு பொறாமை. வேற என்ன?

இன்னாசியத் தேடுனாவ, தேடுனாவ. வள்ளத்துப் பலகை ஒண்ணுதான் ஒதுங்குச்சு. ஆளு இல்ல. சலேத்து அழவே இல்ல யக்கா. வேற கரையில ஏறியிருப்பாவ, கேரளாப் பக்கம் கொண்டு போயிருக்கும், வருவாவன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கலர் சேலைதான் உடுத்துவா. தெனம் அவனுக்கு ஒரு பங்கு சோறு வடிச்சு மூடி வைப்பா. பாக்க எனக்கு வயிறு எரியும். இப்பிடி விசுவாசம் இல்லாம, கடவுள் சித்தத்த ஏத்துக்கிடாம இருக்காளேன்னு.

அப்பத்தான் திருவருகைக்காலம் ஆரம்பிச்சுது. மொத ஞாயித்துக்கெழமை. எங்க சாமி புதுசு, மேக்க உள்ள ஊரு, வெவசாயக் குடும்பம். சின்ன வயசு. பிரசங்கம் வச்சாரு பாருங்க. ஆண்டவர் பொறக்கப் போறாரு, அதுக்கு முன்னால மனசத் தொடச்சு வைங்க, இல்லாததயே நெனச்சுப் பொலம்பாம கெடச்சிருக்கத நெனச்சுப் பாருங்க, இந்த நாலு வாரமும் ஒவ்வொரு திரி ஏத்தும்போதும் வாய் விட்டு நன்றி சொல்லுங்கன்னாரு. யாருக்குச் சொல்லுதாரு? எனக்குன்னே சொல்லுத மாதிரி இருந்துச்சு. தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கு முன்வரிசையில சலேத்து பிள்ளைய மடியில வச்சிட்டு இருந்தா. அவ திரும்பிக் கூடப் பாக்கல.

அன்னையில இருந்து எங்க வீட்டுல தெனம் சாயங்காலம் நன்றி செபம். நான் சத்தமாத்தான் சொல்லுவேன். ஆண்டவரே, எம் புருசன் உசிரக் குடுத்ததுக்கு நன்றி. கை கால் பழுது இல்லாமக் குடுத்ததுக்கு நன்றி. வள்ளத்தக் குடுத்ததுக்கு நன்றி, இஞ்சினக் குடுத்ததுக்கு நன்றி, தண்ணிக் கேனக் கூட திரும்பக் குடுத்ததுக்கு நன்றி. உள்ளபடிக்கு ஒண்ணும் தொலையல யக்கா. இடுப்புல சொருகி வச்சிருப்பாவளே ஒரு கத்தி, அது ஒண்ணுதான் போச்சு. கடல்ல விழுந்திருக்கும். கத்தி போனா என்ன, அதுக்கும் நன்றின்னு சொல்லுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் சலேத்துக்குக் கேக்கும். கேக்கட்டும்னுதான். கேட்டா அவளுக்கும் மனசு தேறும்லா.

அவிய மட்டும் செபத்துல உக்கார மாட்டாவ. நான் ஆரம்பிச்சதும் எந்திரிச்சு கொல்லைக்குப் போயிருவாவ. ஒரு நாளு, போதும் தெக்லா, சத்தம் போடாதன்னாவ. சத்தமா நன்றி சொல்லுதது பாவமான்னு கேட்டேன். கொல்லைக் கதவச் சாத்திக்கிட்டாவ. சோறும் சரியா எடுக்கல. சலேத்து பிள்ளை தவழ்ந்து நடந்து எங்க வீட்டுக்குள்ள வந்தா, முந்தியெல்லாம் தூக்கி வச்சுக் கொஞ்சுவாவ. இப்பம் பிள்ளை வந்தாலே சுவரோட ஒட்டிக்கிடுவாவ. தம்பி ஞாபகம். பாசம்னா அப்பிடி.

இப்பம் இந்தக் கயித்த பத்திச் சொல்லணும். வள்ளத்த திரும்பக் கொண்டு வந்து கரையில ஏத்துனதும் நான் போயி பாத்தேன். பின்னால கட்டுன கயிறு அப்பிடியே தொங்கிட்டுக் கெடக்கு. நுனியப் பாத்தேன். எம்புட்டு சுத்தமா அறுபட்டிருக்கு தெரியுமா? ஒரு பிரி பிசிறு இல்ல. மனுச வேலையா அது? நான் அத அவுத்து வீட்டுக்குக் கொண்டாந்து, கழுவி, படத்துக்கு முன்னால சுருட்டி வச்சேன். அன்னைக்கு ராத்திரியே இத பீடத்துல காணிக்கையா வைக்கணும்னு நேந்துக்கிட்டேன். சாமிகிட்ட காட்டுனேன். அவரும் கையில வாங்கிப் பாத்து, நல்ல சாட்சிம்மா, நன்றிப் பூசையில காணிக்கைப் பவனியில கொண்டு வாங்கன்னுட்டாரு.

ரெண்டாவது வாரம் அன்பிய செபக் கூட்டம் எங்க வீட்டுல. எங்க தெரு ஆளுவ பூராவும் இருந்தாவ. நான் சாட்சி சொல்லி, இந்தக் கயித்த எடுத்து சுத்திக் குடுத்தேன், எல்லாரும் தொட்டுக் கும்புடட்டும்னு. ஒருத்தராவது ஆமேன்னு சொன்னாவளா? கயிறு கை மாறிக் கை மாறிப் போகுது. ஆம்பளை ஆளுவ நுனியப் பாக்காவ, அடுத்த ஆளுகிட்ட குடுக்காவ, தரையப் பாக்காவ. எதுத்த வீட்டு சூசை மாமா, கடல்ல பழுத்த ஆளு, எங்கிட்ட வந்து காதுல, தெக்லா, பேசாம இத அடுப்புல வச்சிரும்மான்னாரு. எனக்கு வந்த கோவம். புனிதப் பொருள அடுப்புல வைக்கவா? அவருக்குப் பேரன் ஒருத்தன், வெளியூருப் படகுல போனவன், இதே புயல்ல போயிட்டான், அதான் அந்த வயித்தெரிச்சல்.

கடைசியா சலேத்து கைக்கு வந்துச்சு. அவ அந்த நுனிய பெருவிரலால தடவுனா. திருப்பித் திருப்பித் தடவுனா. பொறவு எங்கிட்ட கேட்டா.

"அக்கா, பிசிறா இருக்குன்னு நீங்க கத்தி வச்சு ஒழுங்கு பண்ணினியளா?"

கேள்வியப் பாருங்க. நானே அறுத்து வச்சிட்டு அற்புதம்னு சொல்லுத மாதிரி. எனக்கு ரோசம் வந்துட்டு. வாசலுக்கு மேல இருந்த பாடுபட்ட சுரூபத்த, சிலுவையத்தான், எடுத்துக் கையில புடிச்சேன். ஆண்டவர் சத்தியமா நான் இதுல கத்தி வைக்கல, உன் அத்தான் வள்ளத்துல கெடந்தது அப்பிடியே இருக்குன்னு எல்லாருக்கும் முன்னால சத்தியம் பண்ணுனேன். சலேத்து சரிக்கான்னு சொன்னா. கயித்த எம் மடியில வச்சிட்டு, பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா. அவ போனதும் எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாவ. சுட்டு வச்ச முறுக்கு, போட்டு வச்ச காப்பி, எல்லாம் அப்பிடியே இருக்கு. எங்க வீட்டு ஆளு கதவு மறைவுலயே நிக்காவ.

மறுநாள் காலையில பாத்தா, சலேத்து வெள்ளைச் சேலை. தாலிய கழட்டி மாதா பாதத்துல வச்சிட்டா. மூடி வச்ச சோத்த காக்காய்க்கு வச்சிட்டா. நான் நடுங்கிப் போனேன் யக்கா, சந்தோசத்துல. பாருங்க, அந்தக் கயித்தத் தொட்டதும் அவளுக்குக் கடவுள் சித்தம் புரிஞ்சு போச்சு. ஏத்துக்கிட்டா. அன்னைக்கு செபத்துல அதுக்கும் சேத்து நன்றி சொன்னேன்.

அன்னையில இருந்து இவியதான் மோசமாயிட்டாவ. கொல்லைப் பக்கம் பொசுங்குத நாத்தம் வருதேன்னு ஓடிப் போயி பாத்தா, இந்தக் கயித்த தீயில போட்டுட்டு நிக்காவ. நான் கையக் கூட பாக்காம இழுத்தேன். இந்தா, தழும்பு. நல்ல வேளை, அந்தப் பக்கத்து நுனிதான் உருகுச்சு, அற்புத நுனிக்கு ஒண்ணும் ஆகல. ஏன் இப்பிடிப் பண்ணுதியன்னு கேட்டு நான் அழுதேன். அவிய என் கையில தேங்கா எண்ணெயத் தடவிவிட்டாவ. மறுநாள் ஆளக் காணோம். எங்க அக்கா வீட்டுல இருக்காவன்னு போன் வந்துச்சு. நான் போயி கூப்புட்டா, வரமாட்டேன், ஊருக்கு வரமாட்டேன், நீயும் இங்கன வந்திரு தெக்லான்னு ஒரே புடிவாதம். வீட்டப் போட்டுட்டு எங்க வர? நேந்தத நேந்தபடி விட முடியுமா?

ஊருக்காரவளும் லேசுப்பட்டவுக இல்ல. கேரல் பாட்டுக்காரப் பசங்க வீடு வீடாப் போறானுவ, எங்க வாசலுக்கு வந்ததும் கொட்ட நிறுத்திட்டு கடந்து போறானுவ. நான் பால் சுட வச்சு, கேக்கு வெட்டி, வாசல்ல ஸ்டாரு போட்டு நிக்கேன். யாரு பேச்சுல இப்பிடிப் பண்ணுதானுவளோ. குழாயடிக்குப் போனா பேச்சு நின்னுரும். இதுக்கெல்லாம் அசர ஆளு நான் இல்ல. ஆனா ராத்திரி தனியாப் படுத்திருக்கும்போது கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு யக்கா, பொய் சொல்ல மாட்டேன். எங்க வாசல்ல யாரோ நிக்கிற மாதிரியே இருக்கும். ஜன்னலத் தொறந்தா சலேத்து அவ வாசல்ல உக்காந்து எங்க கதவப் பாத்துக்கிட்டு இருப்பா. அத்தான் எப்பம் வாராவன்னு கேப்பா. அம்புட்டுதான்.

அவளப் போயி தப்பா நெனச்சேனேன்னு பொறவு வருத்தப்பட்டேன். ஏன்னா போன வாரம் அவளா வந்தா. அக்கா, நன்றிப் பூசையில அந்தக் கயித்த நான் தூக்கிட்டு வாரேன், அத்தான் கையில நானே குடுக்கேன், அத்தான் அத எல்லாருக்கும் முன்னால வாங்கிப் பீடத்துல வைக்கட்டும்னா. எனக்குக் கண்ணீரே வந்துட்டு. அவளக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அவ விறைச்சுப் போயி நின்னா. தெக்க இருந்து அவ அண்ணன்மாரு ரெண்டு பேரு, விசைப்படகுல போறவுக, நல்ல வாட்டசாட்டமான ஆளுவ, அவுகளும் வாராவளாம். நேத்து மூத்தவரு எனக்குப் போன் போட்டாரு. தங்கச்சி, மச்சான் கண்டிப்பா வருவாரா, மாறிராதேன்னு கேட்டாரு. நான் போயி கையோட கூட்டிட்டு வாரேன்னேன். எந்த பஸ்ஸு, எங்கன எறங்குவியன்னு கேட்டாரு. இந்த பஸ்ஸு, ஆலமரத்து ஸ்டாப்புன்னு சொன்னேன். சரிம்மா, நாங்க அங்கனயே நிக்கோம், கோயிலுக்கு நாங்களே கூட்டிட்டுப் போறோம்னாரு. எப்பிடி மரியாதை பாத்தியளா? இம்புட்டு நாளு எங்களச் சீந்தாதவுக.

அந்தப் பைக்குள்ளதான் இருக்கு கயிறு. தொறந்து பாருங்க, தப்பில்ல. மெழுகுதிரிக்குக் கீழ வெள்ளைத் துணியில சுத்தி வச்சிருக்கேன். பக்கத்துல பேப்பர்ல இருக்கது கத்தி. புதுசு. அவியளுக்குக் கிறிஸ்மசுக்கு வாங்குனேன், பழசு போயிட்டுல்லா. அவியளுக்குத் தெரியாது, சொல்லிராதிய.

தொட்டுப் பாருங்க நுனிய. பாத்தியளா, எம்புட்டு சுத்தம்.

ஏன் கைய எடுத்துட்டிய? சிலுவை போடுதிய. பாருங்க, உங்களுக்குப் புல்லரிக்குது. எங்க ஊருக்காரவளுக்கு இந்தப் பக்தி இல்லியே.

என்ன சொல்லுதிய? அடுத்த ஸ்டாப்புல எறங்கி அவியளக் கூட்டிட்டுத் திரும்பிப் போகவா? எதுக்கு? சாமி பூசைக்குத் தயாரா இருப்பாரு, அண்ணன்மாரு ஸ்டாப்புல காத்துக்கிட்டு இருப்பாவ, நான் திரும்பிப் போகவா? இந்தக் கயித்த தூரப் போட்டுரணுமா? யக்கா, உங்களயும் ஒரு நல்ல மனுசின்னு நெனச்சு மனசு விட்டுச் சொன்னேன். நீங்களும் சூசை மாமா மாதிரியே பேசுதிய. கடக்கரை ஆளு எல்லாரும் ஒண்ணுதான் போல. ஒருத்திக்கு ஒரு நல்லது நடந்தா, அவ வாய் தொறந்து நன்றி சொன்னா, உங்களுக்குப் பொறுக்காது. என் கையப் புடிக்க வேண்டாம். விடுங்க.

கோவிச்சுக்கிடாதிய. வாய் கொஞ்சம் கூடிப் போச்சு. உங்க வீட்டுலயும் ஏதாவது நடந்திருக்கும், எனக்கு என்ன தெரியும். உப்பளம் தாண்டியாச்சு, இனி எங்க ஸ்டாப்புதான்.

அந்தா பாருங்க, நான் சொன்னம்லா. ஆலமரத்தடியில எம்புட்டு பேரு. ஆம்பளை பூராவும் வந்து நிக்காவ. கொட்டு இருக்கும்னு நெனச்சேன், கொட்டக் காணோம். எல்லாரும் பஸ்ஸத்தான் பாத்துக்கிட்டு நிக்காவ. முன்னால நிக்கிற ரெண்டு பேருதான் அண்ணன்மாரு. நடுவுல சலேத்து. பிள்ளையக் கொண்டு வரல. சாமியக் காணோமே. கோயில்ல இருப்பாரு.

அவிய எந்திரிச்சிட்டாவ. பாருங்க யக்கா, நான் கூப்புடாமலே எந்திரிச்சு இங்க வாராவ. அந்தப் பக்கம் கடல் தெரியுது, அதக் கூட பாத்துக்கிட்டே வாராவ. என்னங்க? கயிறா? இந்தா இந்த அக்கா மடியில இருக்கு. எடுத்துக்கிடுங்க. நீங்களே கொண்டு போறியளா? இல்ல, அது உங்களுக்குத்தான், கிறிஸ்மசுக்கு, கத்தி… ஏன் திருப்பி வைக்கிய? புதுசுதான். வேண்டாமா? சரி, வீட்டுல வச்சுப் பாத்துக்கிடலாம். என்ன, எம் மொகத்தயே பாக்கிய? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ. சொல்லுங்க.

"அந்தோணியாருன்னு நான் சொல்லவே இல்லியே, தெக்லா."

கேட்டியளா யக்கா, என்ன சொல்லுதாவன்னு? இம்புட்டு நாளு கழிச்சுப் பேசுத பேச்சா இது? இல்ல, அவிய வாயால சொல்லல, சரிதான். நான் யாரு அறுத்தான்னு கேட்டேன், அவிய சுவத்தப் பாத்தாவ. படத்தத்தான் பாத்தாவ. சுவத்துல வேற என்ன இருக்கு? படம் இருக்கு. படத்துக்குக் கீழ அதே ஆணியில அவிய சவரம் பண்ணுத கண்ணாடி. அன்னைக்கு அவிய அது முன்னால உக்காந்துதான்…

யக்கா.

எறங்கிட்டாவ. கண்டக்டர், நிறுத்துங்க, நானும் எறங்கணும். வழி விடுங்க. யக்கா, பையக் குடுங்க. கத்தி அதுலதானே இருக்கு? ஆமா, இருக்கு. கயித்த கையில சுத்திக்கிட்டு வெறுங்கையோட போறாவ. நேரா சலேத்து கிட்டதான் போறாவ. கூட்டம் வழி விடுது. இல்ல, அவிய உள்ள போனதும் மூடிக்கிட்டு.

எனக்கு நீலச் சட்டை தெரியல யக்கா. உங்களுக்குத் தெரியுதா?